பாட்டுக்கும் பட்டா வேண்டும்

நிலம் யாருக்கு, கோயில் யாருக்கு, சுடுகாட்டுக்குப் போகிற பாதை யாருக்கு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதான் இந்த இயக்கம். 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் போலீசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பட்டா என்கிற துண்டுக் காகிதத்தின் விலை என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டு யாருக்குச் சொந்தம் என்று மட்டும் நாம் உரக்கக் கேட்டதில்லை. பாட்டுதானே, காத்துல போறதுதானே, அதுக்கு என்னத்த கணக்கு என்று விட்டுவிட்டோம். காற்றில் போனதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பாட்டு இன்றைக்கு அமெரிக்காவிலோ சுவீடனிலோ இருக்கிற கம்பெனியின் கணினிக்குள் போய் உட்கார்ந்து, நாள் தவறாமல் யாருக்கோ சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. நம் இதழை வாசிக்கிற சில பொறியியல் மாணவர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். தாமிரபரணிக் கரையில், பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும், பறை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒப்பாரி, ராப் என்று எதை எடுத்தாலும் சினிமாவை நம்பாமல் பாடுகிறவர்களுக்கு, அடிக்கிறவர்களுக்கு ஒரு தளம் கட்டலாம், செல்போனில் கேட்கலாம், கேட்டவர்கள் நேரடியாகக் காசு அனுப்பலாம், கொடைக்கும் கூட்டத்துக்கும் குழுவை அதிலேயே பேசி முடிக்கலாம் என்றார்கள். பேப்பரில் படமெல்லாம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். இதழ் இதற்குத் துணை நிற்கும். எந்த நிபந்தனையில் நிற்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

ஏனென்றால் 'சுயாதீனக் கலைஞர்களுக்கான தளம்' என்கிற வார்த்தையை நாம் ஏற்கனவே ஒருமுறை கேட்டுவிட்டோம்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த குழு அது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்று சாதியைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டன. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்கிற சொல்லிலிருந்து பெயர் எடுத்த குழு. அதிலிருந்து வந்தவர் அறிவு. 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் வைத்தார். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கு மேற்பட்ட தடவை அது பார்க்கப்பட்டிருக்கிறது. வெளியிட்டது மாஜா என்கிற நிறுவனம். கனடாவில் தலைமையிடம், ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவு, தெற்காசியச் சுயாதீனக் கலைஞர்களைத் தூக்கிவிடுகிற தளம் என்கிற அறிவிப்பு. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் நடந்தவை வரிசையாக நம் எல்லோருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பேசப்பட்ட இரண்டு பாட்டுக்கும் வரி எழுதியவர் அவர்தான். ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு இணையத்தில் அறிவுக்கென்று ஓர் அட்டை வந்தது. பந்தி முடிந்த பிறகு தனி இலை. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அப்போதும் அவர் மேடையில் இல்லை. அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. வரியும் மெட்டும் தன்னுடையவை என்று அறிவு எழுதினார். இசையமைத்தது நான், உரிமையும் வருமானமும் மூன்று பேருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று, யார் பெரியவர் என்று சண்டை போட்டது. அந்தச் சண்டைக்குள் இந்த இதழ் போகவில்லை, இப்போதும் போகாது.

நமக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வந்தது. 2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்று வருடம் ஆனபோது, அதன் மூலம் எங்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று அதே சந்தோஷ் நாராயணன் சொன்னார். நிறுவனம் வேறு கணக்குச் சொன்னது. ரஹ்மானும் ஏமாற்றப்பட்டவரே என்று சந்தோஷே எழுதினார். எந்தக் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் கேட்பது வேறு. 40 கோடித் தடவை ஓடிய பாட்டின் வரவுசெலவு என்னவென்று அதை உண்டாக்கியவர்களே மூன்று வருடம் கழித்து வெளியே வந்து கத்த வேண்டியிருக்கிறது என்றால், பேரேடு யார் மேசையில் இருந்தது? பெயர் பெற்ற இசையமைப்பாளருக்கே இந்தக் கதி. இளையராஜாவே தன் பாட்டுக்கான உரிமையைப் பல வருடமாகக் கோர்ட்டுப் படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முக்கூடல் பக்கத்துத் தப்பாட்டக் குழுவுக்கு யார் கணக்குக் காட்டப் போகிறார்கள்?

நம் ஆற்றின் தலைமாட்டில் மஞ்சோலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்குக் காட்டை வாங்கியது பம்பாய் பர்மா கம்பெனி. காட்டைத் திருத்தி, செடி நட்டு, அட்டைக்கடியில் நின்று கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அந்தத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்துக்கு ஊர்வலம் வந்தபோது தடியடிக்கு ஆளாகி, ஆற்றுக்குள் விரட்டப்பட்டுப் 17 பேர் செத்தார்கள். 2024இல் கம்பெனி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய் என்றது. நாலு தலைமுறை நட்ட செடி, ஒரு செண்டு நிலம்கூடச் சொந்தமில்லை. குத்தகைக்காரனுக்கும் ஜமீனுக்கும் அரசுக்கும் நடுவில் ஓடிய காகிதத்தில் நட்டவன் பெயர் எந்த இடத்திலும் கிடையாது. தேயிலைத் தோட்டத்துப் பாட்டியைப் பற்றிய பாட்டுக்கும் கடைசியில் கிட்டத்தட்ட அதே வகைக் காகிதம்தான் வாய்த்தது என்பது வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மற்றவன் நிலத்தில் நடுகிறவனுக்கு விளைச்சல் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய அவசியம் நிலக்காரனுக்குக் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் ஒலிப்பதிவின் 'ஆசிரியர்' அதைத் தயாரித்தவர்தான். பாடியவரும் அடித்தவரும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு 'நிகழ்த்துநர்' என்று வேறு பெயர். யார் யார் நிகழ்த்துநர் என்ற பட்டியலில் பாம்பாட்டியைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால் பறையடிக்கிறவர் தாராளமாக உள்ளே வருவார். 2012 திருத்தத்துக்குப் பிறகு நிகழ்த்துநருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு, 'இதை நிகழ்த்தியவர் இவர்' என்று பெயர் சொல்லப்படுகிற உரிமையும் உண்டு. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. நல்ல சட்டம். தோழர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டப்படி கேட்பதற்கு முதலில் நீ அங்கே அடித்தாய் என்பதற்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் நம்மிடம் இல்லை.

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். பாஸ்புக்கில் வரவு பதியச் சொல்லி ஒருநாள் ஒரு பறைக்குழுத் தலைவர் வந்தார். பதிந்து கொடுத்ததும் போகாமல் நின்றார். செல்போனை நீட்டினார். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொடையில் அவர் குழு அடித்ததை யாரோ வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். "தம்பி, இதுல எம் பேரு எங்கயாச்சும் போட்டிருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க. கண்ணு தெரியமாட்டேங்கு." கீழே இருந்ததெல்லாம் படித்தேன். கோயில் பெயர் இருந்தது. வரி கொடுத்தவர்கள் பெயர் இருந்தது. மைக்செட்டுக்காரர் பெயர் இருந்தது, வீடியோ எடுத்தவர் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன. 'தெம்மாங்கு அடி செம்ம அடி' என்று தலைப்பு. அடித்த ஏழு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. "இல்லண்ணே" என்றேன். "அடிச்சது நாங்கதான்னு மொகம் தெரியுதுல்லா, அது போதும்" என்று சிரித்துவிட்டுப் போனார். போதாது அண்ணே.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டாகக் காலங்காலமாக இங்கே பாடப்படுகிறது. பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொண்டு, பூணூலை விட்டுச் செருப்புத் தைத்து, மாடு காத்து, மாட்டுக்காகச் செத்தான். சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். இந்தக் கதையின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பகடையின் மக்கள் அல்ல, வேறு உயர்ந்த குலத்தில் பிறந்து காட்டில் கிடைத்தவர்கள் என்று ஒரு சரடு சேர்ந்துவிட்டது. இந்தத் திருத்தத்தை நா. வானமாமலை போன்றவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். யார் சேர்த்தது? தெரியாது. முதலில் பாடியவர் யார் என்று தெரிந்தால்தானே திருத்தியவனைப் பிடிக்க முடியும். கதையின் முதுகெலும்பே அந்தச் சாதிக் கலப்புதான், அதை உருவிப் போட எவனுக்கோ வசதியாக இருந்தது.

காசு எப்படிப் பிரிகிறது என்பதையும் மாணவத் தோழர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் நீங்கள் மாதச் சந்தா கட்டி, மாதம் முழுக்க ஒரு மகுடக் கலைஞரை மட்டுமே கேட்டாலும் உங்கள் காசு அவருக்குப் போகாது. எல்லோர் காசும் ஒரே குளத்தில் விழும். மொத்தம் எத்தனை தடவை கேட்கப்பட்டது, அதில் யாருக்கு எத்தனை என்ற விகிதத்தில் பிரியும். ஆக, உங்கள் சந்தாவில் பெரும்பகுதி நீங்கள் கேட்டேயிராத சினிமாப் பாட்டுக்குப் போகும். 2024 முதல் வருடத்துக்கு 1000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்படுகிற பாட்டுக்கு அங்கே ஒன்றுமே கிடையாது. யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டும் என்றால் 1000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4000 மணி நேரம் பார்வை என்று வாசலில் உண்டியல் வைத்திருக்கிறார்கள். வங்கியில் சேமிப்புக் கணக்கில் 1000 ரூபாய்க்குக் குறைந்தால் உன் பணம் என் பணம் என்று நான் கவுண்டரில் சொன்னால் என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

இதற்கு மாற்றாக நேரடியாகக் காசு போகிற வழி இன்று கையில் இருக்கிறது. கொடையில் ஆடுகிறவர் சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்துகிற பழக்கம் நமக்குப் புதிதா? யுபிஐ அதைத்தான் செல்போனில் செய்கிறது. ஆயிரம் பேர் மாதம் பத்து ரூபாய் என்றால் பத்தாயிரம், இடையில் எவன் கையும் இல்லை.

இதை வெளிநாட்டிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். பேண்ட்கேம்ப் என்று 2008இல் தொடங்கினார்கள். கலைஞரே விலை வைப்பார், தளம் சிறு பங்கு எடுத்துக்கொள்ளும். கொரோனாக் காலத்தில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கையும் விட்டுக்கொடுத்தது. இசைக்காரர்கள் அதைத் தங்கள் வீடு என்றே நினைத்தார்கள். 2022இல் அதை ஒரு வீடியோ விளையாட்டுக் கம்பெனிக்கு விற்றார்கள். 2023இல் அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றது. சங்கம் வைத்திருந்த ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. தளம் மூடவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் விற்கும்போது பாடகர்களை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் நல்லவராக இருந்தார், அவ்வளவுதான். பத்திரம் அவர் பெயரில் இருந்தது.

ஆகவே நம் பிள்ளைகள் கட்டப் போகிற தளம் கம்பெனியாக இருக்கக் கூடாது. கூட்டுறவாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப்பட வேண்டும், பாடுகிறவர்களும் அடிக்கிறவர்களுமே உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. கணினி எழுதுகிற பிள்ளைகளுக்குக் கூலி உண்டு, உரிமை கிடையாது. இது அவர்களுக்குக் கசக்கலாம். கசந்தாலும் இதில் பேரம் இல்லை. பாட்டின் உரிமை பாடியவரிடமே இருக்கும். தளத்துக்கு ஒரு வருட அனுமதி மட்டும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போகலாம். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்து வாங்குமுன் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், கைநாட்டு வைக்கிறவர் சார்பில் ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பேரேடு. எந்தப் பாட்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தம், யார் கணக்குக்கு எவ்வளவு போனது என்று மாதாமாதம் திறந்து வைக்க வேண்டும், உறுப்பினர் எவரும் பாஸ்புக் போலப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. தளம் அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. கணக்கு முதலில், படம் பிறகு.

பெயர்ப் பதிவில் பாடகர் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. பறையை யார் அடித்தது, உறுமி யார், மகுடம் யார், கூட்டுக் குரல் யார், இந்த அடவை யாரிடம் கற்றார்கள், எந்த ஊர் மெட்டு என்பது வரை. 2025இல் பறையிசைக்காக வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. அவருக்கு முன்னால் நூறு தலைமுறை ஆசான்கள் பெயரில்லாமல் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனி அது நடக்க வேண்டாம்.

இயக்க மேடைகளும் இதில் யோக்கியம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கேசட் காலத்தில் இன்குலாபின் 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரனின் குரலில் சேரி சேரியாகப் போனது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்து பதிந்து, சத்தம் தேய்ந்து, இரைச்சலோடுதான் கேட்டோம். அந்தப் பிரதி எடுத்தல்தான் நமக்குப் பலம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்துக்குக் கூப்பிட்ட கலைக்குழுவுக்குப் பஸ் காசும் ஒரு துண்டும் கொடுத்து 'இயக்கத்துக்காகத்தானே தோழர்' என்று அனுப்பி வைத்த பழக்கம் எந்தக் கணக்கில் சேரும்? பேச்சாளருக்குக் கார், அடிப்பவருக்கு லோடு ஆட்டோ. சாவு வீட்டில் கூலியில்லாமல் அடிக்கச் சொன்ன ஊர்க்காரனை எதிர்த்துத் தப்பைக் கீழே போட்ட வரலாறு நமக்கு உண்டு. கூலியில்லாமல் அடிக்கச் சொல்கிறவன் தோழனாக இருந்தால் மட்டும் அது தொண்டாகிவிடுமா? தளத்தில் குழுவைப் பேசுகிற நம் அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே கட்டணம், அதே முன்பணம் என்று எழுதி வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு கசப்பும் உண்டு. நம் தெருக்களிலேயே அடிக்கிறவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிற பார்வை செத்துவிடவில்லை. 'நாங்க அடிக்கிறவங்க இல்ல' என்று நெஞ்சை நிமிர்த்துகிற பட்டியல் சாதிக் குரலை நான் கேட்காத மாதம் இல்லை. அருந்ததியர் குழு ஒன்றும் வேறு பட்டியல் சாதிக் குழு ஒன்றும் ஒரே பக்கத்தில் வருவதை யாராவது ஆட்சேபித்தால் ஆட்சேபித்தவர் வெளியே போகட்டும். சாதிப் பெருமைப் பாட்டுக்கும் இங்கே இடம் கிடையாது. எந்தச் சாதியின் பெருமையானாலும், நம்முடையதே ஆனாலும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டியதைப் பார்த்த மாவட்டம் இது. அரிவாளைப் புகழ்கிற பாட்டைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போவது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா? பெரிய தளங்களின் கணக்குப்பொறி ஒரு தடவை அப்படிப் பாட்டைக் கேட்டால் அடுத்தடுத்து அதையேதான் ஊட்டும், அதற்குச் சாதி தெரியாது, சொடுக்கு மட்டும் தெரியும். நம் தளத்தில் எது அடுத்து வரும் என்பதை மனிதர் உட்கார்ந்து தேர்வு செய்யட்டும்.

பெண்களைப் பற்றி ஒன்று. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் இசைவாணி முன்பு பாடிய ஒரு பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மேல் புகார்கள், மிரட்டல்கள், ஆபாச வசவுகள் வந்தன. ஆகவே பாடகிகளின் போன் நம்பர் தளத்தில் தெரியக் கூடாது, எல்லா அழைப்பும் சங்கத்தின் வழியாக வர வேண்டும். ஒப்பாரி விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சாவு வீட்டில் நெஞ்சிலடித்து அழுகிற அத்தையின் குரலைச் செல்போனில் பிடித்துப் போட்டுவிட்டு 'நாட்டார் கலை' என்று பெயர் வைப்பது திருட்டு. அவர் சம்மதித்து, அவரே உட்கார்ந்து பாடித் தந்தால் மட்டும் பதிவோம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கிறார்கள். நீலம் பண்பாட்டு மையம் 2020இல் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். சபாக்களின் மாதத்தில் கானாவும் ஒப்பாரியும் மேடையேறின, இன்னும் ஏறுகின்றன. ஆனால் அது பெரிய நகரங்களின் மேடை. பொருநைக் கரையில் ஆடியிலும் சித்திரையிலும் கொடைக்குக் கொடை விடிய விடிய உழைக்கிறவர்களுக்கு மீதி மாதங்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் வருடம் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் போதும். ஐம்பதாயிரம் பேர் கேட்க வேண்டியதில்லை. பத்துக் குழுவுக்கும் கணக்கு பைசா சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் பதினொன்றாவது குழு தானாக வரும்.

ஒப்பந்தத்தின் வரைவு அடுத்த இதழோடு தனித்தாளாக வரும். சட்டம் படிக்கிற தோழர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதுங்கள், வெட்கப்பட வேண்டாம். கலைக்குழுக்களோடு பழக்கமுள்ள தோழர்கள் இப்போதே வேலையைத் தொடங்கலாம். பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டாம், அதற்கு நேரம் இருக்கிறது. பெயர்களை அனுப்புங்கள். குழுவில் எத்தனை பேர், யார் என்ன கருவி, யாரிடம் பழகினார்கள், வங்கிக் கணக்கு இருக்கிறதா இல்லையா. கணக்கு இல்லாதவர்களுக்குத் தொடங்கிக் கொடுக்க உதவுவது என் பொறுப்பு. யார் கட்டியது என்று தெரியாத பாட்டாக இருந்தால், எந்த ஊரில், எந்தத் தெருவில், யார் வாயால் கேட்டீர்கள் என்பதை எழுதுங்கள்.